பின்னறையில் இருப்பவரை முதலில் பாருங்கள்: மலை வீட்டுக்கு மணமாகிப் போகிறவர்களுக்கு

என்னைப் பெண் பார்க்க ஆறு பேர் வந்தார்கள். வீட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று எங்கள் பக்கம் யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. பதிலுக்கு எங்கள் ஆட்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் பட்டிவீரன்பட்டி வழியாக மலையேறி, தாண்டிக்குடிப் பக்கம் போனார்கள். காபித் தோட்டம், மிளகுக் கொடி, மலைவாழை, ஓட்டு வீடு எல்லாம் பார்த்தாயிற்று. கிளம்பும் நேரத்தில் சித்தப்பா கை கழுவக் கொல்லைப்பக்கம் போயிருக்கிறார். பின்னறை ஜன்னலுக்குள்ளிருந்து ஒருவர் அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். "அது யாரு?" என்று கேட்டதும் வீடே கொஞ்ச நேரம் பேசாமல் நின்றதாம்.

அவர்தான் என் கொழுந்தன். பிறக்கும்போது மூச்சுத் திணறியதால் மூளை முடக்குவாதம். அப்போது அவருக்கு 22 வயது, இப்போது 31. எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகிறது. கீழ்நாட்டிலிருந்து பழனி மலைக்கு வாக்கப்பட்டு வரும் பெண்கள் இரண்டு மூன்று பேர் இதுவரை என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார்கள்: "அக்கா, அந்த வீட்டுல இப்படி ஒருத்தர் இருக்காங்களாமே, எப்படி?" அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒரு வரிசையில் எழுதுகிறேன். மாப்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். மச்சானோ மச்சினியோ அப்படி இருந்தால் உங்களுக்கும் இதே வேலைகள்தான்.

கல்யாணத்துக்கு முன்: நேரில் போய்ப் பாருங்கள், நேராகக் கேளுங்கள்

தரகர் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். "லேசா கால் இழுக்கும், அவ்வளவுதான்" என்பது முழுதாகப் படுக்கையில் இருப்பவராகவும் இருக்கலாம். "ஒண்ணுமே தெரியாது" என்று சொல்லப்பட்டவர் வீட்டில் நடக்கும் எல்லாச் சண்டையையும் ஞாபகம் வைத்திருப்பவராகவும் இருக்கலாம். எங்கள் வீட்டில் இரண்டாவது வகை.

பேசிமுடிக்கும் முன் ஒருமுறையாவது போய், அவருடன் அரை மணி நேரம் உட்காருங்கள். பெயர் சொல்லி வணக்கம் வையுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் "சாப்பிட்டாரா?" என்று கேட்காமல் அவரிடமே கேளுங்கள். பதில் வர நேரமாகும். என் கொழுந்தனுக்கு ஒரு சொல் வாயிலிருந்து வர மனதுக்குள் பத்து எண்ணும் நேரம் பிடிக்கும். நாம் ஐந்திலேயே குறுக்கே புகுந்து பேசிவிடுகிறோம்.

பிறகு மாப்பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள். நோயின் பெயர் என்ன? வலிப்பு வருமா, கடைசியாக எப்போது வந்தது? யார் குளிப்பாட்டுகிறார்கள், யார் ஊட்டுகிறார்கள், ராத்திரி யார் எழுந்திருக்கிறார்கள்? மாத்திரைக்கு மாதம் எவ்வளவு ஆகிறது? நிலத்தில் அவர் பங்கு என்ன? அத்தை மாமாவுக்குப் பிறகு யார்?

கடைசிக் கேள்வியை வாய் கூசாமல் கேளுங்கள். கேட்டால் பணத்தாசை பிடித்தவள் என்று நினைப்பார்களோ என்று எனக்கும் பயம் இருந்தது. கேட்டேன். வருங்காலக் கணவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அது இன்னும் பேசல. ஆனா இப்ப அவனைக் குளிப்பாட்டுறது, ராத்திரி படுக்க வெக்கிறது நான்தான். கல்யாணத்துக்கு அப்புறமும் நான்தான்" என்றார். பாதிப் பதில்தான், ஆனால் எனக்குப் போதுமானதாக இருந்தது. "அதெல்லாம் அம்மா பாத்துக்குவாங்க" என்ற பதில் வந்தால் இன்னொரு தடவை கேளுங்கள். அம்மாவுக்கு முதுகு போன நாளில் அந்த வரிசையில் அடுத்து நிற்கப் போவது நீங்கள்தான்.

வேண்டாம் என்று தோன்றினால் அதையும் அப்போதே சொல்லிவிடலாம். அதில் பாவம் ஒன்றும் இல்லை. தியாகம் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்தில் அந்தத் தியாகத்துக்கு வட்டி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

"நம்ம பிள்ளைக்கும் வருமா?"

இதை எல்லோரும் கேட்பார்கள், யாரும் டாக்டரிடம் கேட்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்பார்கள். நோயின் பெயரும் பழைய சீட்டுகளும் கையில் இருந்தால், கல்யாணத்துக்கு முன்பே ஒரு மருத்துவரைப் பார்த்துவிடலாம்.

மூளை முடக்குவாதம் பெரும்பாலும் பிரசவத்துக்கு முன் கருவிலோ, பிரசவத்தின்போதோ, பிறந்த சில காலத்திலோ மூளைக்கு நேர்ந்த பாதிப்பால் வருவது. மூச்சு கிடைக்காமை, கடுமையான மஞ்சள் காமாலை, தொற்று, குறைமாதப் பிறப்பு என்று காரணங்கள் பல. பொதுவாக வம்சத்தில் தொடர்வதில்லை. டவுன் சிண்ட்ரோமும் பெரும்பாலும் அப்படித்தான். சிறு விழுக்காட்டினருக்கு மட்டும் பெற்றோர் வழியாக வரும் வகை உண்டு, அதைக் குரோமோசோம் பரிசோதனை சொல்லிவிடும்.

தசைச்சிதைவு நோயில் டுஷேன் என்ற வகை வேறு கணக்கு. அது தாய்வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வருவது. கொழுந்தனுக்கு டுஷேன் இருந்து உங்கள் கணவருக்கு இல்லை என்றால், கணவர் வழியாக அது உங்கள் பிள்ளைகளுக்கு வராது. ஆனால் உங்கள் நாத்தனார் அதைக் கடத்துபவராக (தனக்கு நோய் தெரியாமலே பிள்ளைக்குக் கொடுப்பவராக) இருக்கலாம், பரிசோதித்துப் பார்க்க வேண்டியது அவருக்குத்தான். இதைத் தெரியாமல் மருமகளைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு, மகளைக் கவலையில்லாமல் கட்டிக்கொடுத்துவிடுவார்கள்.

அரிவாள் செல் ரத்தசோகையும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஒன்று. நீலகிரியில் பழங்குடி மக்களிடையே இது கூடுதலாக உண்டு. கணவன் மனைவி இருவருமே கடத்துபவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

நம் பக்கம் மாமன் மகன், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பிறவிக் காதுகேளாமை போன்ற சில குறைகள் அப்படிப்பட்ட திருமணங்களில் கூடும். நீங்கள் அந்த வீட்டுக்கு ஏற்கெனவே உறவு என்றால், மருத்துவரைப் பார்ப்பதை மட்டும் தவிர்க்காதீர்கள்.

கல்யாண நாளுக்கு

உடுப்பு எடுக்கும்போது அவருக்கும் எடுங்கள், அளவு கேட்டு எடுங்கள். கை மடங்காதவருக்குப் பொத்தான் சட்டையை மாட்டுவது ஒரு போராட்டம். கொஞ்சம் தொளதொளவென்று முன்பக்கம் திறக்கும் சட்டை எடுத்து, பொத்தானுக்குக் கீழே ஒட்டும் பட்டை தைத்துவிட்டோம். இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் வேட்டி இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அன்று அவர் பட்டுவேட்டியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு அத்தை சமையல் கட்டில் போய் அழுதார். பிறந்ததிலிருந்து முதல் வேட்டி.

மண்டபத்துக்கு எத்தனை படி, கழிவறை எப்படி என்று முன்கூட்டியே ஆள் அனுப்பிப் பாருங்கள். கீழ்நாட்டில் கல்யாணம் என்றால் முந்தின நாள் மதியமே இறங்கிவிடுவது நல்லது. வளைவுப் பாதையில் வாந்தி வந்தால் போட்ட வலிப்பு மாத்திரையும் கூடவே போய்விடும். மறுபடி போடலாமா என்பதை டாக்டரிடம் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நடுராத்திரி போனில் கேட்க முடியாது.

கெட்டிமேளம்! மூளை முடக்குவாதம் உள்ள பலருக்குத் திடீர்ச் சத்தம் கேட்டால் உடம்பு முழுக்கத் தூக்கிப் போடும். ஆட்டிசம் உள்ளவர்களுக்குச் சத்தமும் கூட்டமுமே தாங்காது. மேளக்காரர்களிடம் சொல்லி அவரை எதிர்ப்பக்கம் உட்காரவைத்து, "இப்ப அடிக்கப் போறாங்க" என்று ஒருவர் காதில் சொன்னால் பாதிக்குப் பாதி குறையும். ஆட்டிசம் இருந்தால் முகூர்த்தத்துக்கு மட்டும் அழைத்துவந்துவிட்டு அமைதியான அறைக்குக் கூட்டிப் போய்விடலாம், வர மனமில்லை என்றால் விட்டுவிடலாம்.

எங்கள் புகைப்படக்காரர், குடும்பப் படம் எடுக்கும்போது, "அந்தத் தம்பியைக் கொஞ்சம் ஓரமா..." என்றார். என் கணவர் நகர்ந்து ஓரத்தில் போய் நின்றுகொண்டார். கொழுந்தன் நடுவில். அந்தப் படம்தான் இப்போது கூடத்தில் மாட்டியிருக்கிறது.

முதல் மூன்று மாதம்: கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள்

நான் செய்த தவறைச் சொல்கிறேன். வந்த இரண்டாம் வாரமே அவர் அறையை ஒதுங்க வைத்தேன். கட்டிலை ஜன்னலிலிருந்து நகர்த்தி, குளிர் வராத மூலையில் போட்டேன். நல்லதுதானே? அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அந்த ஜன்னலில்தான் காலையில் காபிப் பழம் பறிக்கப் போகிறவர்கள் கையசைத்துவிட்டுப் போவார்கள். அவருடைய ஊரே அந்த ஜன்னல்தான். கட்டில் பழைய இடத்துக்குப் போயிற்று, குளிருக்கு ஜன்னலில் இரட்டைத் திரை போட்டோம்.

அந்த வீடு நீங்கள் வருவதற்கு முன் இருபது முப்பது வருடம் ஓடியிருக்கிறது. அத்தையின் ஒவ்வொரு பழக்கத்துக்கும் ஏதோ காரணம் இருக்கும். கேளுங்கள். "ஏன் அத்தை தம்ளரை அப்படிச் சாய்ச்சுப் பிடிக்கிறீங்க?" என்று கேட்டால் அவர் சொல்லித்தருவார், சந்தோஷமாகவே சொல்லித்தருவார். நீங்களாகத் தம்ளரைப் பிடுங்கினால் அவருக்கு மகனையே பிடுங்கினதுபோல இருக்கும்.

ஊட்டும் வேலையைக் கற்றுக்கொள்ளும்போது இதை மட்டும் மறக்காதீர்கள். படுக்கவைத்து ஊட்டக் கூடாது. நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாய் சற்றுக் கீழே இருக்கும்படி, சிறிய கரண்டியில், விழுங்கிய பிறகு அடுத்த வாய். அண்ணாந்து ஊற்றிக் குடிக்கும் நம் வழக்கம் அவர்களுக்கு ஆகாது. தண்ணீரைவிடக் கஞ்சிப் பதத்தில் இருப்பது பலருக்கு எளிதாக இறங்கும். சாப்பிடும்போது அடிக்கடி இருமல், சாப்பிட்டபின் குரல் கரகரப்பு, அடிக்கடி நெஞ்சுச் சளி என்றால் உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போய்க்கொண்டிருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து கொடுப்பதை நிறுத்துங்கள். இரும்பால் ஒன்றும் ஆகாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் துணி வைத்து, பக்கத்தில் இடிக்கக்கூடியதை எல்லாம் நகர்த்திவிட்டு, மணியைப் பார்க்க வேண்டும். வாயில் கரண்டியோ துணியோ திணிக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றக் கூடாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே அடுத்த வலிப்பு வந்தாலோ உடனே 108. மலையில் வண்டி வந்து சேர நேரம் ஆகும் என்பதால், அவசரத்துக்குக் கொடுக்கும் மருந்து ஏதாவது வீட்டில் வைத்திருக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டு, கொடுக்கும் முறையைக் குறைந்தது இரண்டு பேர் பழகிக்கொள்ளுங்கள்.

மரியாதை விஷயம் ஒன்று. ஊரில் இன்னமும் 31 வயது ஆளைப் "பாப்பா" என்று கூப்பிடுகிறார்கள். அன்பாகத்தான். நான் "தம்பி, வாங்க, போங்க" என்றுதான் பேசுகிறேன், மற்றக் கொழுந்தன்மாரிடம் எந்த மதினியும் பேசுவதைப்போல. ஆரம்பத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மலைக்கென்று சில

கீழ்நாட்டு வழிகாட்டிகளில் இதெல்லாம் இருக்காது.

குளிர் வந்தால் இறுக்கமான தசை இன்னும் இறுகும். மார்கழி தை மாதங்களில் காலை பத்து மணிக்கு முன் அவருக்கு எந்த வேலையும் வைக்காதீர்கள். வெந்நீர் ஒற்றடம், எண்ணெய் தடவி மெதுவாக நீவுதல், அதற்குப் பிறகுதான் கை காலை நீட்டும் பயிற்சி. தண்டுவடத்தில் அடிபட்டுக் கால் உணர்ச்சி இல்லாதவர் என்றால் வெந்நீர்ப் பை ஆபத்து. சுடுவது தெரியாது, தோல் வெந்த பிறகுதான் நாம் பார்ப்போம். அவர்களுக்குக் கம்பளியும் காலுறையும் போதும். படுத்தே இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப் புண்.

அறைக்குள் கரி அடுப்பு மூட்டிக் கதவைச் சாத்தும் பழக்கத்தை அந்த வீட்டில் கண்டால் முதல் நாளே சண்டை போட்டாவது நிறுத்துங்கள். வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு அறைக்குள் நிரம்பும். நடக்க முடிந்தவர்களே எழ முடியாமல் போயிருக்கிறார்கள். எழுந்து கதவைத் திறக்க முடியாதவரை அந்த அறையில் விட்டால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. மூன்று மாதம் பார்த்துக்கொண்டு இருங்கள் என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு.

ஐப்பசி கார்த்திகையில் மண்சரிவு வந்து பாதை அடைபடுவது எங்களுக்கு வருடாந்திர வழக்கம். புரட்டாசி முடியும் முன் ஒரு மாத மருந்து கூடுதலாக வாங்கி வைத்துவிடுவோம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. மாத்திரை அட்டை ஈரம் படாமல் மூடியுள்ள டப்பாவில் இருக்கட்டும், மலை ஈரத்தில் எல்லாமே நமுத்துப் போகும். மின்சாரத்தில் ஓடும் சளி உறிஞ்சும் கருவியோ ஆக்சிஜன் கருவியோ இருக்கும் வீடு என்றால் இன்வெர்ட்டர் இல்லாமல் மழைக்காலத்தைத் தொடாதீர்கள்.

அப்புறம் படிகள். சக்கர நாற்காலி முகாமில் இலவசமாகக் கிடைத்துவிடும். வீட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்க 34 படி இருந்தால் அதை வைத்து என்ன செய்வது? சாய்தளம் கட்டலாம் என்றால் கணக்கு இப்படி: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். எங்கள் வாசலில் மட்டும் ஐந்து படி, ஏறக்குறைய மூன்றடி உயரம். 36 அடி நீளத்துக்கு மலையில் யாருக்கு முற்றம் இருக்கிறது? அதைவிடச் செங்குத்தாகக் கட்டினால் தள்ளுகிறவரும் சேர்ந்து உருள வேண்டியதுதான்.

கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்துக் கூரை வேலைக்கு வந்த கொத்தனார்தான் வழி சொன்னார். சரிவில் கட்டின வீடு என்பதால் முன்பக்கம் தூக்கலாக இருக்கும், பின்பக்கம் மேட்டு மண்ணோடு மட்டமாக இருக்கும். "முன்னாடி ஏன் முட்டிக்கிறீங்க, பின்னறைச் சுவத்துல ஒரு கதவு வெச்சா மேல் பாதைக்கு நேரா போயிரலாமே." மூன்றடி அகலத்துக்குக் கதவு, தோட்டம்வரை சிமெண்டுப் பாதை, ஒரு கைப்பிடிக் குழாய். அவ்வளவுதான். இப்போது அவர் தானாக நாற்காலியை உருட்டிக்கொண்டு மிளகுக் கொடி வரை போய்விடுகிறார். மலை வீட்டுக்குப் போகிறவர்கள் சாய்தளத்துக்குச் செலவு செய்யும் முன் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, மண் எங்கே மட்டமாக இருக்கிறது என்று பாருங்கள்.

கழிவறை வீட்டுக்கு வெளியே இருந்தால் அதை உள்ளே கொண்டுவருவதுதான் முதல் செலவு. உட்காரும் வகைக் கோப்பை, பக்கச் சுவரில் கைப்பிடி, வழுக்காத தரை. அத்தை மாமாவுக்கும் இன்னும் பத்து வருடத்தில் அது வேண்டியிருக்கும் என்று சொன்னால் மறுப்பு குறையும்.

தாள்கள்

இந்த வேலை மருமகள் கைக்கு வந்து சேர்வது வழக்கம், "நீ படிச்ச பிள்ளைதானே" என்று சொல்லி. வரட்டும். ஒரு பெட்டி வாங்கி எல்லாத் தாளையும் அதில் போடுங்கள்.

முதலில் மாற்றுத்திறனாளி சான்றும், யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையும். குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ என்று மருத்துவக் குழு சான்று தந்தால்தான் பெரும்பாலான உதவிகள் திறக்கும். எங்களுக்கு மாவட்டத் தலைநகர் திண்டுக்கல். ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. நீலகிரிக்காரர்களுக்கு ஊட்டி. போய் வர ஒருநாள் முழுக்கப் போகும் என்பதால் ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், புகைப்படம் எல்லாவற்றிலும் நான்கு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். மலையில் முகாம் நடக்கும் தேதியைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வைத்தால் இறங்கி ஏறும் அலைச்சல் இருக்காது.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் போன்றோருக்குத் தமிழக அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை உண்டு, 2023இல் அது 2,000 ரூபாயாக உயர்ந்தது. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் துணைக்கு வருபவருக்கும் சேர்த்துச் சலுகை உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021இல் தொடங்கியபிறகு வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்திருக்கிறதா பாருங்கள். உங்கள் கணவர் வருமான வரி கட்டுகிறவராக இருந்து, பழைய முறையில் கணக்குக் காட்டினால், தன்னைச் சார்ந்திருக்கும் தம்பி தங்கைக்காகவும் 75,000 ரூபாய் கழிவு கேட்கலாம். குறைபாடு 80 விழுக்காடோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. பெற்றோர்தான் கேட்க வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பலர் கோட்டை விடுவது சட்டப்படியான காப்பாளர் விஷயத்தில்தான். பிள்ளைக்கு 18 வயது முடிந்துவிட்டால் பெற்றோர் தானாகவே காப்பாளர் ஆகிவிட முடியாது. எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. ஒரு வங்கியில் அவர் பெயரில் கணக்கு தொடங்கப் போனபோது, கையெழுத்துப் போடத் தெரியாது, பெருவிரல் நேராக வைக்க வராது, காப்பாளர் தாளும் இல்லை என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு காப்பாளரை நியமிக்கும். பெற்றோரோ உடன்பிறந்தவரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். அதே நான்கு பிரிவினருக்கும் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். ஆனால் கால் மட்டும் நடக்க வராத, பார்வை மட்டும் இல்லாத ஒருவருக்குக் காப்பாளர் எதற்கு? அவர் கையெழுத்தை அவரே போடுவார். தாள் வேலையை எளிதாக்குகிறோம் என்று ஒருவருடைய உரிமையைச் சுருட்டிவிடாதீர்கள்.

எல்லைகள்

வயது வந்த ஆணைக் குளிப்பாட்டுவது, உள்ளாடை மாற்றுவது மதினியின் வேலை இல்லை. உங்கள் கூச்சத்துக்காக மட்டும் சொல்லவில்லை, அவர் கூச்சத்துக்காகவும்தான். அண்ணனோ அப்பாவோ செய்யட்டும். அவர்கள் ஊரில் இல்லாத நாளுக்கு ஒரு ஆணைச் சம்பளத்துக்குப் பேசி வையுங்கள். வீட்டில் இருப்பது நாத்தனார் என்றால் இதே கணக்கு மறுபக்கம். குளியலும் மாதவிலக்கு நாட்களும் பெண்கள் கையில் மட்டும் இருக்க வேண்டும். பேச முடியாத பெண் என்பதைப் பயன்படுத்திக்கொள்ளும் ஆட்கள் உறவிலேயே இருக்கக்கூடும். யாருடன் தனியாக விடுகிறோம் என்பதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். குறிப்பிட்ட ஒருவர் வந்தால் மட்டும் அவள் முகம் மாறுகிறது, அழுகிறாள் என்றால் அதையே பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் மாசமாக இருந்தபோது என் அம்மாவே சொன்னார்: "காலையில எந்திரிச்சதும் அந்தத் தம்பி முகத்துல முழிக்காத." ஒன்பது மாதமும் முதல் காபியை அவருடன் உட்கார்ந்துதான் குடித்தேன், கொஞ்சம் வீம்புக்காகவும். மகளுக்கு இப்போது ஆறு வயது. அவருடைய கண் அசைவுக்கு என்னைவிட அவளுக்குத்தான் சீக்கிரம் அர்த்தம் தெரிகிறது. ஆனால் கர்ப்ப காலத்தில் அவரைத் தூக்குவதை நிறுத்திவிட்டேன், அதில் வீம்பு கூடாது. மற்ற நாளிலும் முழங்காலை மடக்கி, அவரை உடம்போடு அணைத்து, இரண்டு பேராகத் தூக்குங்கள். இடுப்பை வளைத்து ஒற்றை ஆளாகத் தூக்கித்தான் அத்தையின் முதுகு போனது.

உங்களுக்குச் சலிப்பு வரும். ஒருநாள் கோபமும் வரும், அவர்மேலேயே வரும். எனக்கு வந்திருக்கிறது. வருடத்தில் இரண்டு தடவை அம்மா வீட்டுக்குப் போகும் ஒரு வாரத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். நீங்கள் இல்லாமலும் அந்த வீடு ஓடும், முன்பும் ஓடியது.

அந்தக் கடைசிக் கேள்வி

அத்தை மாமாவுக்குப் பிறகு யார்? கல்யாணத்துக்கு முன் பாதிப் பதிலோடு விட்ட கேள்வியை முதல் குழந்தை பிறக்கும் முன் முடித்துவிடுங்கள். பிறகு பேசினால் "தன் பிள்ளைக்காகப் பேசுகிறாள்" என்று ஆகிவிடும்.

பேச உட்காரும்போது அவரையும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நாத்தனார், மற்றக் கொழுந்தன்கள் எல்லோரும் இருக்கட்டும். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: உடல் குறைபாட்டையோ நோயையோ காரணம் காட்டி யாருக்கும் சொத்துரிமை இல்லை என்று சொல்ல முடியாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே 28ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. "அவனுக்கு எதுக்கு நிலம்" என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். பெற்றோரில் ஒருவர் அரசு ஊழியராக இருந்தவர் என்றால், சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளி மகனுக்கோ மகளுக்கோ ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் பெற வழி உண்டு. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே அலுவலகப் பதிவில் அந்தப் பிள்ளையின் பெயரைச் சேர்த்துவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் மூன்று ஞாயிற்றுக்கிழமை பேசினோம். முதல் ஞாயிறு அத்தை எழுந்து போய்விட்டார். இரண்டாவது ஞாயிறு மாமா, "நாங்க இருக்கும்போதே ஏன் இந்தப் பேச்சு?" என்றார். மூன்றாவது ஞாயிறு என் கணவர் நேரடியாகத் தம்பியிடமே கேட்டார், "அம்மாவுக்கு அப்புறம் நீ யார்கூட இருக்கணும்னு நினைக்கிற?" பத்து எண்ணும் நேரம். பதினைந்துகூட ஆகியிருக்கும். அவர் என்னைப் பார்ப்பார் என்று நான் உள்ளுக்குள் கொஞ்சம் எதிர்பார்த்தேன். அவர் பார்த்தது ஜன்னலை. "இங்க," என்றார்.

யாருடன் என்பதைவிட எந்த வீட்டில் என்பதுதான் அவருக்கு முக்கியம் என்று அதுவரை எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் நாத்தனார் தன் வீட்டுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தார், நல்ல மனதோடுதான். அந்த யோசனை அன்றோடு முடிந்தது. பின்னறையும் பின்கதவும் மேல் பாதையும் சேர்ந்த பகுதியும், அதை ஒட்டின அரை ஏக்கர் காபியும் அவர் பெயருக்கு என்று மாமா உயில் எழுதிப் பதிவு செய்தார். அவர் வாழ்நாள்வரை அதை யாரும் விற்கக் கூடாது என்று ஒரு வரியும் சேர்த்தார். நாத்தனார் வருடத்தில் ஒரு மாதம் வந்து இருப்பதாக ஏற்றுக்கொண்டார், சித்திரையில் வருகிறார். அந்த மாதம்தான் நானும் என் கணவரும் ஒன்றாக வெளியூர் போகிறோம்.

உயில் எழுதும்போது ஒரு வக்கீலிடம் காட்டி எழுதுங்கள், காப்பாளராக யார் வர வேண்டும் என்ற உங்கள் விருப்பமும் அதில் இருக்கட்டும். நகலைப் பெட்டியில் வைத்துவிட்டு, பெட்டி எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னும் இரண்டு பேரிடம் சொல்லிவையுங்கள்.